பரவாயில்லை என்று சொன்னதெல்லாம் ஃபைலில் இருந்தது

மார்ச் 12ஆம் தேதி மதியம், நோயால் வேலை செய்ய முடியாமல் போனதற்கு நான் கேட்டிருந்த தொகை பற்றி இன்சூரன்ஸ் கம்பெனியின் கடிதம் தபாலில் வந்தது. கனமான உறை. அதைக் கிழிக்க என் விரல்கள் ஒத்துழைக்காது என்பதால், கணவர் வேலை முடிந்து வரும்வரை சமையலறை மேடையிலேயே கிடந்தது. வந்து பிரித்தார். முதல் பக்கத்தை நின்றபடியே படித்துவிட்டு, "இல்லன்னுட்டாங்கம்மா" என்றார். மீதி எட்டுப் பக்கத்தையும் அன்றிரவு இரண்டு பேரும் சேர்ந்து படித்தோம்.

எனக்கு முடக்குவாதம். டாக்டர்கள் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்பார்கள். வயதானால் வரும் மூட்டுத் தேய்மானம் வேறு, இது வேறு. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்குகிற நோய் இது. எனக்கு 38 வயதில் தொடங்கியது. இரண்டு மணிக்கட்டுகளிலும் விரல்களின் அடிமூட்டுகளிலும்தான் அதிகம். காலையில் எழுந்தால் கை பலகை மாதிரி விறைத்திருக்கும். வெந்நீரில் வைத்து வைத்து இளக்கி, ஒரு டம்ளரைப் பிடிக்கும் நிலைக்கு வர ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகும். அதைவிடப் பெரிய தொல்லை அசதி. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் தூங்கப் போனபோது இருந்த அதே அசதி.

வேலை டேட்டா அனலிஸ்ட். நாள் முழுக்க கீபோர்டும் மவுஸும். ஒரே நிறுவனத்தில் பதினோரு வருடம். கடைசி ஒரு வருடத்தை இடது கையின் இரண்டு விரலால் தட்டியே ஓட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை. ஒரு ஆகஸ்டில் அதுவும் முடியாமல் போய், நின்றுவிட்டேன்.

அமெரிக்காவில் பல நிறுவனங்கள் ஊழியர்களுக்கு எல்டிடி என்ற இன்சூரன்ஸ் எடுத்து வைத்திருக்கும். லாங் டேர்ம் டிஸெபிலிட்டி என்பதன் சுருக்கம். நோயாலோ விபத்தாலோ நீண்ட நாள் வேலை செய்ய முடியாமல் போனால் சம்பளத்தில் ஒரு பங்கு மாதாமாதம் வரும். என் பாலிசியில் 60 சதவீதம். முதல் 180 நாட்கள் காத்திருப்புக் காலம். அதை ஷார்ட் டேர்ம் என்ற குறுகிய கால இன்சூரன்ஸில் கடந்தோம். அப்புறம் எல்டிடி தானாகவே தொடரும் என்றுதான் நினைத்திருந்தோம். வேலையில் சேர்ந்த நாளில் கொடுத்த அந்தப் பாலிசிப் புத்தகத்தை நான் ஒரு முறைகூடத் திறந்து பார்த்ததில்லை. இதைப் படிக்கிறவர்களில் எத்தனை பேர் திறந்திருப்பீர்கள் என்று தெரியவில்லை. தயவு செய்து திறந்து பாருங்கள்.

மறுப்புக்கு அவர்கள் சொன்ன காரணங்கள் இவை. ரத்தப் பரிசோதனையில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி அளவு இயல்பாக இருக்கிறது, அதனால் நோய் கட்டுக்குள் இருக்கிறது. என் டாக்டரின் குறிப்புகளிலேயே "நன்றாக இருக்கிறார், புதிய தொந்தரவு இல்லை" என்று திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு சனிக்கிழமை நான் கடைப் பைகளைத் தூக்கிச் செல்வதை வீடியோ எடுத்திருக்கிறார்கள். கடைசியாக, என் வேலை உட்கார்ந்து செய்யும் வகை. அதற்கு 10 பவுண்டு தூக்கவும் நாளில் ஆறு மணி நேரம் உட்காரவும் முடிந்தால் போதும். உங்களால் அது முடியும், ஆகவே நீங்கள் பாலிசி சொல்லும் பொருளில் இயலாதவர் அல்ல.

அடுத்த மூன்று நாளில் போனில் சொல்லச் சொல்லத் தட்டச்சாகும் வசதியை வைத்து இரண்டு பக்கக் கடிதம் ஒன்று தயார் செய்தேன். பதினோரு வருடத்தில் நான் எடுத்த சிக் லீவ் எத்தனை, ராத்திரி எத்தனை மணிக்கெல்லாம் வேலை பார்த்தேன், என் கை எப்படி வலிக்கிறது, உங்களுக்கு மனசாட்சி இல்லையா. எல்லாம் உண்மை. அழுதுகொண்டே சொன்னது. அதை அப்பீல் என்று மேலே எழுதி அனுப்பப் போன சமயத்தில்தான், இங்கே முப்பது வருடம் நர்ஸாக இருந்த ஓர் அக்கா போனில் தடுத்தார். "அவசரப்படாதடா. இதுல ஒரே ஒரு தடவைதான் சுடலாம். முதல்ல ஒரு வக்கீல்கிட்ட பேசு."

அந்த ஒரு போன் வரவில்லை என்றால் நான் இன்று இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

ஏன் என்று விளக்கமாகச் சொல்ல வேண்டும். எங்கள் கதையில் முக்கியமான பகுதி இதுதான். நிறுவனம் மூலமாக வரும் எல்டிடி பெரும்பாலும் எரிசா என்ற, ஊழியர்களின் பென்ஷனுக்கும் சலுகைகளுக்குமான மத்திய அரசுச் சட்டத்துக்குள் வரும். 1963 டிசம்பரில் இண்டியானாவின் சவுத் பெண்டில் ஸ்டுடிபேக்கர் கார் தொழிற்சாலை மூடப்பட்டபோது, ஆயிரக்கணக்கான தொழிலாளர்களின் பென்ஷன் பெரும் பகுதி இல்லாமல் போனது. அந்தக் கோபம் பத்து வருடம் கழித்துச் சட்டமாக உருவெடுத்தது. 1974 செப்டம்பர் 2ஆம் தேதி, தொழிலாளர் தினத்தன்று, ஜனாதிபதி ஃபோர்டு கையெழுத்திட்டார். உழைப்பவரைக் காக்க வந்த சட்டம். ஆனால் 1987இல் பைலட் லைஃப் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. எரிசாவுக்குள் வரும் கிளெய்மை இன்சூரன்ஸ் கம்பெனி கெட்ட எண்ணத்தோடு மறுத்தாலும், மாநிலச் சட்டப்படி அதற்காகத் தனி நஷ்டஈடு கேட்க முடியாது என்பது அதன் சாரம். ஜெயித்தால் உனக்கு வர வேண்டிய பணம் வரும். அதோடு வட்டியும் வக்கீல் கட்டணமும் நீதிபதி பார்த்துக் கொடுத்தால் உண்டு. ஜூரியெல்லாம் கிடையாது. தொழிலாளிக்காக வந்த ஒரு சட்டம் இப்படி ஆனதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு ஆறவில்லை.

(அரசு ஊழியர்களுக்கும் சர்ச் நிறுவனங்களின் ஊழியர்களுக்கும் இது பொதுவாகப் பொருந்தாது. சொந்தமாக வாங்கிய தனிநபர் பாலிசிக்கும் மாநிலச் சட்டம்தான். அதனால் உங்களுடையது எந்த வகை என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.)

இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம். அப்பீலும் தோற்று வழக்குக்குப் போனால், நீதிபதி பெரும்பாலும் அந்த ஃபைலை மட்டும்தான் பார்ப்பார். இன்சூரன்ஸ் கம்பெனி முடிவெடுத்தபோது அவர்கள் முன் என்ன காகிதம் இருந்ததோ, அது மட்டும். சாட்சிக் கூண்டில் ஏறி என் கையை நீட்டிக் காட்ட முடியாது. என் டாக்டர் வந்து பேச முடியாது. புதிய எக்ஸ்ரே கொண்டுபோக முடியாது. அதற்கும் மேல், முடிவெடுக்கும் அதிகாரத்தைப் பாலிசியே கம்பெனிக்குக் கொடுத்திருந்தால், அந்த முடிவு சரியா என்று நீதிபதி புதிதாகப் பார்ப்பதில்லை, அது நியாயமான வரம்புக்குள் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். 1989இல் ஃபயர்ஸ்டோன் வழக்கில் வந்த விதி. பணம் கொடுப்பவரே முடிவெடுப்பவராகவும் இருப்பது முரண்பாடு, அதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 2008இல் மெட்லைஃப் நிறுவனத்தின் மேல் நடந்த வழக்கில் சொன்னார்கள். அது ஓரளவு ஆறுதல். ஆனாலும் தராசு நம் பக்கம் சாய்ந்திருக்கவில்லை.

ஆக, அப்பீல் என்பது கெஞ்சிக் கேட்கும் மனு என்று நான் நினைத்தது தவறு. ஃபைலுக்குள் சாட்சியம் வைக்க நமக்குக் கிடைக்கும் கடைசி வாய்ப்பு அது. அந்த இரண்டு பக்கக் கடிதத்தை அனுப்பியிருந்தால், அவர்கள் மறுபடி இல்லை என்று சொல்லியிருப்பார்கள். ஃபைல் மூடப்பட்டிருக்கும். உள்ளே என் கண்ணீர் மட்டும் இருந்திருக்கும்.

மறுப்புக் கடிதம் கைக்கு வந்ததிலிருந்து அப்பீலுக்குக் குறைந்தது 180 நாள் தர வேண்டும் என்பது விதி. எங்களுக்கு அது செப்டம்பர் 8 வரை. ஃபிரிட்ஜில் அந்தத் தேதியைப் பெரிதாக எழுதி ஒட்டினார் கணவர். மூன்று வக்கீல்களிடம் பேசினோம். ஒருவர் எடுத்த எடுப்பிலேயே கையெழுத்து கேட்டார், வேண்டாம் என்று விட்டோம். கடைசியாக எடுத்துக்கொண்டவர் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி, "நீங்களாக ஏதாவது எழுதி அனுப்பிவிட்டீர்களா?" இல்லை என்றதும் அவர் விட்ட பெருமூச்சு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. கிடைக்கும் தொகையில் ஒரு பங்கு அவருக்கு என்று ஒப்பந்தம். எல்லாருக்கும் வக்கீல் அமைய மாட்டார் என்று எனக்குத் தெரியும். ஆனால் பேசிப் பார்ப்பதென்றால் அப்பீலுக்கு முன்பே பேசுங்கள். தோற்ற பிறகு போனால் அவர்களாலும் அந்த மூடிய ஃபைலை வைத்துத்தான் வாதாட முடியும்.

அவர் முதலில் செய்தது, கிளெய்ம் ஃபைல் முழுவதையும் எழுத்துமூலம் கேட்டது. கேட்டால் இலவசமாகத் தர வேண்டும். மூன்று வாரத்தில் வந்தது. ஆயிரத்து நானூறு பக்கத்துக்கு மேல். அவர்களுடைய டாக்டரின் அறிக்கை, என்னோடு போனில் பேசியவர்கள் எழுதிய உள்குறிப்புகள், வேலை பற்றிய அறிக்கை, வீடியோ, என் மருத்துவப் பதிவுகள் எல்லாம்.

இரவுகளில் கணவர் படிப்பார், நான் கண்ணை மூடிக் கேட்பேன். நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, அவர் திடீரென்று நிறுத்தினார். "நீ டாக்டர்கிட்ட என்னதான் சொல்லுவ?" என்று கேட்டார். கோபமில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

இரண்டு வருடப் பதிவுகள். பதினாலு சந்திப்புகள். அதில் பதினொன்றில் கிட்டத்தட்ட ஒரே வரி. நோயாளி நன்றாக இருப்பதாகச் சொல்கிறார். பரவாயில்லை என்கிறார். சமாளித்துக்கொள்வதாகச் சொல்கிறார்.

ஆமாம், அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். உள்ளே வரும் நர்ஸ் சிரித்துக்கொண்டே எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பார். நான் நல்லா இருக்கேன் என்பேன். யார் கேட்டாலும் வாயில் முதலில் வருவது அதுதானே. சின்ன வயதிலிருந்தே வலியை வெளியே காட்டாதவள் என்று பேர் வாங்கியவள் நான், அதில் பெருமை வேறு. அதிலும் பெரிய டாக்டர், எனக்குப் பின்னால் இன்னும் பத்துப் பேர் காத்திருக்கிறார்கள், அவர் நேரத்தை வீணாக்கக் கூடாது என்று நினைப்பேன். போன தடவையைவிடக் கொஞ்சம் தேவலாம் என்றால் அதையே பெரிதாகச் சொல்வேன். மருந்து மாற்றிக் கொடுத்தவர் மனசு சந்தோஷப்படட்டும் என்று.

அந்த மரியாதை ஒவ்வொன்றும் தேதியோடு பதிவாகியிருந்தது. வேறு யாரோ என்னைப் பற்றிப் பொய் எழுதியிருந்தால் சண்டை போடலாம். இதை நானே என் வாயால் சொல்லியிருக்கிறேன்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. வக்கீலிடம் அடுத்த நாள் சொன்னபோது, இது எல்லா ஃபைலிலும் இருக்கும், இதற்கும் பதில் இருக்கிறது என்றார். என் டாக்டர் ஒரு கடிதம் எழுதினார். தன் குறிப்புகளில் "நன்றாக இருக்கிறார்" என்று வருவது முந்தைய சந்திப்போடு ஒப்பிட்டுச் சொன்னது, வேலைக்குப் போகும் அளவு என்று பொருளில்லை, அதே பக்கத்தில் கீழே, தான் கையால் தொட்டுப் பார்த்து எண்ணிய வீங்கிய மூட்டுகளின் எண்ணிக்கை இருக்கிறது, அதைப் பாருங்கள் என்று. உண்மைதான். 28 மூட்டுகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து எண்ணும் ஒரு முறை உண்டு. நான் நல்லா இருக்கேன் என்று சொன்ன ஒரு நாளில் அதில் ஒன்பது வீங்கியிருந்தன. இன்சூரன்ஸ் கம்பெனியின் டாக்டர் மேல் வரியை மேற்கோள் காட்டியிருந்தார், கீழ் வரியை விட்டுவிட்டார்.

சிஆர்பி விஷயம் இன்னும் தெளிவாக இருந்தது. சிஆர்பி என்பது உடம்பில் அழற்சி இருந்தால் கல்லீரல் சுரக்கும் ஒரு புரதம். அதைச் சுரக்கச் சொல்லும் முக்கியமான சமிக்ஞை ஐஎல் 6 என்ற மூலக்கூறு. எனக்குக் கொடுக்கப்படும் டோசிலிசுமாப் என்ற ஊசி மருந்து வேலை செய்வதே அந்த ஐஎல் 6 சமிக்ஞையைத் தடுத்துத்தான். ஆக, இந்த மருந்தில் இருப்பவருக்கு சிஆர்பி தாழ்ந்து கிடப்பது எதிர்பார்க்க வேண்டியதே. அதை வைத்து மூட்டில் நோய் அடங்கிவிட்டது என்று சொல்ல முடியாது. மூட்டு நோய் டாக்டர்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் என் ஃபைலைப் படித்துக் கருத்துச் சொன்னவர் மூட்டு நோய் டாக்டர் அல்ல, வேறு துறைக்காரர். என்னை நேரில் பார்த்ததும் இல்லை. மணிக்கட்டில் டாப்ளர் அல்ட்ராசவுண்ட் எடுத்தோம். மூட்டுச் சவ்வில் ரத்த ஓட்டம் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. அந்தப் படத்தை அப்பீலில் வைத்தோம். மருத்துவக் காரணத்தைச் சொல்லி மறுத்த கிளெய்மை அப்பீலில் பார்க்கும்போது, அந்தத் துறையில் தகுந்த பயிற்சியுள்ள டாக்டரைத்தான் கலந்தாலோசிக்க வேண்டும், அவர் முதல் தடவை கருத்துச் சொன்னவராகவும் இருக்கக் கூடாது என்ற விதியையும் எழுதினோம்.

வீடியோவுக்கு வருகிறேன். யாரோ ஒருவர் இரண்டு நாள் காரில் உட்கார்ந்து என்னைப் படமெடுத்திருக்கிறார் என்பதை ஜீரணிக்கவே எனக்கு ஒரு வாரம் ஆனது. ஜன்னல் திரையைப் போட்டுக்கொண்டே இருந்தேன். பொது இடத்தில் அப்படி எடுப்பார்கள், வழக்கம்தான் என்றார் வக்கீல். அறிக்கையில், இரு கைகளிலும் பைகளைத் தூக்கிச் சிரமமில்லாமல் நடந்தார் என்று இருந்தது. சரி, வீடியோவையே பார்ப்போம் என்று போட்டோம். மொத்தம் பதினோரு நிமிடம். அதில் நான் பைகளோடு இருப்பது நாற்பது விநாடி. நிறுத்தி நிறுத்திப் பார்த்தபோது தெரிந்தது, பைகள் என் கையிலேயே இல்லை. முழங்கை மடிப்பில் தொங்கிக்கொண்டிருந்தன. பால் கேனும் அப்படித்தான், மார்போடு அணைத்து முன்கையில் தாங்கி. ஒரு கேலன் பால் எட்டரை பவுண்டுக்குச் சற்று மேல். விரல்கள் இரண்டு பக்கமும் விரிந்து சும்மா நீட்டிக்கொண்டிருந்தன. கார் கதவை இடுப்பால் தள்ளி மூடுகிறேன். இப்படி நடக்கிறேன் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. எங்களுக்கு எதிராக எடுத்த வீடியோவின் படங்களை வரிசையாக அச்செடுத்து அப்பீலில் இணைத்தோம். அறிக்கையை மட்டும் படித்து மனம் உடைந்து விடாதீர்கள். மூலத்தைக் கேட்டு வாங்குங்கள்.

இனி அந்த 10 பவுண்டுக் கணக்கு. வேலைகளை வகைப்படுத்த இன்சூரன்ஸ் கம்பெனிகள் இன்னும் பயன்படுத்துவது தொழிலாளர் துறையின் பழைய தொழிற்பெயர் அகராதி. கடைசியாகத் திருத்தப்பட்டது 1991இல். உட்கார்ந்து செய்யும் வேலை என்றால் அதிகபட்சம் 10 பவுண்டு தூக்குவது. அவர்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள். ஆனால் என் வேலையில் எடையைத் தூக்கச் சொல்லி யாரும் சம்பளம் கொடுக்கவில்லையே. விரல்களுக்குத்தான் சம்பளம். அதே வகைப்பாட்டில் கையையும் விரலையும் எவ்வளவு நேரம் பயன்படுத்த வேண்டும் என்றும் அளவு உண்டு. அடிக்கடி என்றால் வேலை நேரத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை. எட்டு மணி நேர நாளில் அது 2 மணி 40 நிமிடத்திலிருந்து 5 மணி 20 நிமிடம். என் முன்னாள் மேனேஜர் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார், இந்தப் பதவியில் இருப்பவர் தினம் ஆறு மணி நேரமாவது தட்டச்சு செய்ய வேண்டும், மாதக் கடைசியில் அதற்கும் மேல் என்று. அவர் எழுதிக் கொடுத்தது அவருக்கு எந்த லாபமும் இல்லாத காரியம். அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

சரி, என்னால் எவ்வளவு நேரம் முடியும்? அதை யாரும் அளந்ததே இல்லை. என் டாக்டர் முதலில் எழுதிக் கொடுத்திருந்தது "இவரால் வேலை செய்ய முடியாது" என்ற ஒற்றை வரி. அன்பினால் எழுதியது. ஆனால் அதற்கு மதிப்பில்லை. சொந்த டாக்டர் சொல்வதற்குத் தனி முன்னுரிமை தர வேண்டியதில்லை என்று 2003இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. நம்பகமான சாட்சியத்தைக் காரணமில்லாமல் ஒதுக்கக் கூடாது என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. ஆக, ஒதுக்க முடியாதபடி எழுத வேண்டும். நோயின் பெயரை யாரும் மறுக்கவில்லை. அந்த நோயோடு எத்தனை நிமிடம், எத்தனை மணி, மாதத்தில் எத்தனை நாள் என்பதுதான் கேள்வி. டாக்டருக்கு ஒரு படிவம் கொடுத்தோம். தொடர்ந்து எத்தனை நிமிடம் தட்டச்சு செய்யலாம், அப்புறம் எவ்வளவு ஓய்வு வேண்டும், மாதத்தில் எத்தனை நாள் எழுந்திருக்கவே முடியாமல் போகும்.

அப்புறம் இரண்டு நாள் செயல்திறன் பரிசோதனை. ஒரு தெரபிஸ்ட் அறையில் வைத்து ஒவ்வொன்றாக அளப்பார். கைப்பிடி வலுவை ஒரு கருவியை அழுத்தச் சொல்லி எடுப்பார்கள். திரும்பத் திரும்ப அழுத்தும்போது அளவுகள் ஒத்துப் போகின்றனவா என்று பார்த்து, வேண்டுமென்றே மெதுவாகச் செய்கிறோமா, முழு முயற்சியா என்றும் சொல்லிவிடுவார்கள். எனக்கு அது முதலில் அவமானமாக இருந்தது. ஆனால் அந்த வரிதான் பின்னால் உதவியது: முழு முயற்சியோடு செய்தார். முதல் நாள் பதினைந்து நிமிடம் தட்டினேன், அதற்குப் பின் வேகம் பாதியானது. இரண்டாம் நாள் காலை கை வீங்கி, பத்து நிமிடத்தில் நிறுத்தச் சொன்னார். இரண்டாம் நாள் வைப்பதே அதற்காகத்தான். ஒரு நாள் யாராலும் பல்லைக் கடித்துக்கொண்டு செய்ய முடியும். மறுநாள் வர முடிகிறதா என்பதுதானே வேலை. முடிவு, விட்டு விட்டு மொத்தம் நாளில் ஒரு மணி நேரம். மருத்துவ இன்சூரன்ஸ் இதற்குப் பணம் தரவில்லை, சேமிப்பிலிருந்து கொடுத்தோம். மொத்த அப்பீலிலும் உருப்படியாகச் செலவழித்த பணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

கணவர் சாட்சியாக எழுதியதை அனுப்பும் முன் என்னைப் படிக்க விடவில்லை. பிறகு படித்தேன். "கஷ்டப்படுகிறாள்" என்ற சொல்லே அதில் இல்லை. சட்டைப் பித்தான்களை நான் போட்டுவிடுகிறேன். பல் தேய்க்கும் பிரஷ்ஷின் பிடியில் துணி சுற்றிக் கொடுத்திருக்கிறேன். ஜூன் மாதம் நான்கு இரவு அவள் சாப்பாட்டை நான் ஊட்டினேன், இந்த இந்தத் தேதிகளில். இப்படியே இரண்டு பக்கம். என் அழுகைக் கடிதத்தைவிட அது ஆயிரம் மடங்கு பேசியது.

ஆகஸ்ட் 18 அனுப்பினோம். ஃபேக்ஸ் ஒன்று, பதிவுத் தபாலில் ஒன்று, பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சியோடு. அவர்களுக்கு 45 நாள். தகுந்த காரணம் சொன்னால் இன்னொரு 45. சொன்னார்கள். செப்டம்பர் கடைசியில் ஒரு புது டாக்டரின் அறிக்கையை எங்களுக்கு அனுப்பி, பதில் இருந்தால் சொல்லுங்கள் என்றார்கள். 2018 ஏப்ரலிலிருந்து இது கட்டாயம். அப்பீலில் நமக்கு எதிராகப் புதிய சாட்சியம் எதையாவது எடுத்துக்கொண்டால், முடிவுக்கு முன்பே நமக்குக் காட்டி, பதில் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். இந்த முறை மூட்டு நோய் டாக்டர்தான். அல்ட்ராசவுண்டை ஒப்புக்கொண்டார், ஆனால் குரலால் தட்டச்சு செய்யும் மென்பொருள் இருந்தால் வேலை செய்யலாமே என்று எழுதியிருந்தார். எண்களும் சூத்திரங்களும் நிறைந்த வேலையைக் குரலால் எப்படிச் செய்வது, முந்தைய வருடம் நிறுவனமே அந்த மென்பொருளை வாங்கிக் கொடுத்து ஆறு வாரம் முயன்று கைவிட்டது எப்படி என்று மேனேஜரின் பழைய மின்னஞ்சல்களோடு பத்து நாளில் பதில் அனுப்பினோம். அந்த மின்னஞ்சல்களை வேலையை விடும்போது நான் சேமித்து வைக்கவில்லை. மேனேஜர்தான் தேடி எடுத்துக் கொடுத்தார்.

நவம்பர் 9. இந்த முறை கடிதம் மெல்லியதாக இருந்தது. கணவர் வரும்வரை காத்திருக்கவில்லை. உறையை மேடையில் வைத்து, கத்தியை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் பிடித்துக் கிழித்தேன். முந்தைய முடிவு மாற்றப்படுகிறது. பிப்ரவரியிலிருந்து பாக்கி.

இதோடு முடியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிரீமியத்தை நிறுவனம் கட்டியதால் வரும் தொகைக்கு வருமான வரி உண்டு. அரசு தரும் சோஷியல் செக்யூரிட்டி இயலாமைத் தொகைக்கும் விண்ணப்பிக்கச் சொன்னார்கள். ஜனவரியில் அது கிடைத்தது. எல்டிடி வந்த அதே மாதங்களுக்குப் பின்தேதியிட்டு வந்த தொகையைக் கம்பெனிக்குத் திருப்பிக் கொடுத்தோம். பாலிசியில் அப்படித்தான் இருக்கிறது. தெரியாமல் செலவழித்துவிட்டால் பெரிய சிக்கல், கவனம். முதல் 24 மாதம் "உங்கள் வேலையை உங்களால் செய்ய முடியுமா" என்று பார்ப்பார்கள். அதற்குப் பின் "எந்த வேலையையாவது செய்ய முடியுமா" என்று அளவுகோல் மாறும். எங்களுக்கு அது அடுத்த பிப்ரவரியில். கைகளைப் பயன்படுத்தாத வேலை எது என்று அவர்கள் தேடுவார்கள். வக்கீல் இப்போதே ஃபைல் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்.

அதனால் கைப்பேசியில் தினம் ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்கிறேன். விறைப்பு எத்தனை மணிக்கு விட்டது, எதைப் பிடிக்க முடிந்தது, எது கீழே விழுந்தது. மூட்டு டாக்டரிடம் போகும் முன் கணவர் அதை ஒரு பக்கமாக அச்செடுத்துக் கொடுத்துவிடுவார். போன மாதம் நர்ஸ் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டபோது, வாய் வரை வந்த வார்த்தையை விழுங்கிவிட்டு அந்தக் காகிதத்தை நீட்டினேன். அவர் நின்று படித்தார். அப்புறம் என் வலது கையை மெதுவாகத் திருப்பிப் பார்த்து, ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றினார்.

ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து அம்மா கூப்பிடுவாள். முதல் கேள்வியே "கை எப்படிடீ இருக்கு?" என்பதுதான். அவளிடம் மட்டும் இன்னும் பரவாயில்லம்மா என்றுதான் சொல்கிறேன்.